ஒரே அட்டை, மூன்று அடுப்பு

கடலூர் முதுநகர் மாப்பிள்ளை என்றதும் என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "மீனுக்குப் பஞ்சம் இருக்காதுடி" என்றார். நான் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் பிறந்தவள். எங்களுக்கு மீன் என்றால் சந்தை நாளில் மட்டும்தான். 2001-ல் கல்யாணமாகி வந்தேன். அம்மா சொன்னபடி மீன் வந்தது. ஆனால் துண்டுகளை எண்ணித்தான் போட வேண்டியிருந்தது. மாமனாருக்கு இரண்டு, சம்பாதிக்கிற மகன்களுக்கு இரண்டிரண்டு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. எல்லோரும் கை கழுவிய பிறகு மாமியார் குழம்புச் சட்டியிலேயே சோற்றைக் கொட்டி, அடியை வழித்துப் பிசைந்து, ஓரகத்திக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று உருட்டுவார். அதில் முள் வரும், மீன் வராது. ருசியாகத்தான் இருக்கும். அதனால் பல வருடம் அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

2008-ல் என் கணவர் சிதம்பரம் சாலையில் லாரி மோதி இறந்தார். எனக்கு 27 வயது. மகளுக்கு ஐந்து, மகனுக்கு இரண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்திலேயே அந்த உருண்டையின் அளவு மாறியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகவே கையைச் சுருக்கிக்கொண்டேன். அத்தை ஒருநாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்மா, நீ சாப்பிடு" என்றார். அன்றைக்கு அது ஆறுதலாக மட்டும்தான் கேட்டது. இன்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வருகிற பெண்களைப் பார்க்கப் பார்க்க, அத்தை சொன்னதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிகிறது.

கணவர் இறந்த மூன்றாம் மாதம் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்தவர் வீட்டைப் பார்த்தார். ஓட்டு வீடு, டிவி, கட்டு வேலைக்குப் போகும் மூத்தார். "மாமனார் ஆதரவில் வசிக்கிறார்" என்று எழுதிவிட்டுப் போனார். தள்ளுபடி. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரேஷன் அட்டை. மாமனார் பெயர் முதலில், கடைசிப் பெயர் என்னுடையது. அட்டைப்படி நாங்கள் ஒரு குடும்பம். ஆனால் அதற்குள் வீட்டில் மூன்று அடுப்பு எரிய ஆரம்பித்திருந்தது. மூத்தார் வீடு முன்கட்டில், மாமனார் மாமியார் நடுவில், நானும் பிள்ளைகளும் பின்னால் தகரம் போட்ட இடத்தில். மாதம் பிறந்தால் அரிசி ஒரே பையில் வரும். அது எந்த அடுப்புக்கு எவ்வளவு போகும் என்பது அட்டையில் எழுதியிருக்காது.

நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான், வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வதும் இதுதான்: தனியாகச் சமைக்கிறாய் என்றால் தனி அட்டை எடு. சண்டை போட்டுப் பிரிய வேண்டும் என்று அர்த்தமில்லை. அரசுக்கு நீ ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனுவில் "மாமனார் வீட்டில் இருக்கிறேன்" என்று மொட்டையாக எழுதாதே. தனியாகச் சமைக்கிறேன், இன்ன வேலை செய்கிறேன், மாதம் இவ்வளவு வருகிறது, பிள்ளைகள் இத்தனை பேர் என்று எழுது. பொய் எழுதச் சொல்லவில்லை, உண்மையை முழுசாக எழுதச் சொல்கிறேன். எனக்கு அந்த உதவித்தொகை கிடைத்தது மூன்றாவது மனுவில், தனி அட்டை வாங்கிய பிறகு. 2011-ல் அந்தத் தொகை ஆயிரம் ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200.

இப்போது அட்டையிலிருந்து பெயரை நீக்குவதில் இன்னொரு சிக்கல். எல்லாம் ஆன்லைன், அட்டையோடு இணைத்த போனுக்குத்தான் ஓடிபி வரும். அந்தப் போன் பெரும்பாலும் மாமனாருடையது, கணவருடையது, அண்ணனுடையது. அவர் எண்ணைச் சொல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். கணவரைப் பிரிந்த பெண்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி நின்றால் கம்ப்யூட்டர் சென்டரிலேயே அலையாமல் நேராக வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு கொடுங்கள், நேரில் விசாரித்து முடிவெடுக்கக் கேளுங்கள். மனு கொடுத்த ரசீதை மட்டும் விடாதீர்கள். என் பிளாஸ்டிக் கவரில் 2008-ம் வருட ரசீது இன்னும் இருக்கிறது.

நடுவில் இரண்டு வருடம் அம்மா வீட்டுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தேன். பண்ருட்டிப் பக்கம் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. கொட்டையைக் கட்டையால் தட்டும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, உடைந்தால் ஒரு விலை. கூலி எடைக்கு, நாளுக்கு இல்லை. கைக்குழந்தைக்காரி பாதியில் எழுந்து போனால் அவள் கூலியும் பாதி. அதே களத்தில் மூட்டை தூக்கும் ஆண்களுக்கு நாள் கூலி. என்ன கணக்கு இது என்று கேட்டால், "அது பாரமான வேலைம்மா" என்பார்கள். எங்கள் விரல் கறுத்துத் தோல் உரிவது பாரத்தில் சேராது.

பிறகு 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல். ஒரே இரவில் தோப்பு தோப்பாக முந்திரியும் பலாவும் சாய்ந்தன. மரத்துக்கான இழப்பீடு பட்டாவைப் பார்த்து வந்தது. கொட்டை உடைத்தவர்களிடம் பட்டா ஏது? நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதுநகருக்கே திரும்பி வந்தேன்.

அந்த விரல்கள் எனக்குப் பின்னால் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தன. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மெஷின் வந்தபோது என் ரேகை விழவே இல்லை. என் அம்மாவுக்கு அதைவிட மோசம், பத்து விரலிலும் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். மெஷின் சிவப்பு விளக்கு காட்டும்போதெல்லாம் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மா திருட்டுப் பிடிபட்டவர் மாதிரி தலை குனிவார். எத்தனை வருட உழைப்பு அந்த விரலில்! இப்படிப்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கருவிழி பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்கு வரவே முடியாத முதியவர் என்றால் வேறொருவரை வாங்க நியமிக்கப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள், உங்கள் தெருவில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும். மாமனார் 2014-ல் போய்ச் சேர்ந்தார். வீட்டை அதற்கு முன்பே மூத்த மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டார். அத்தைக்கு மூன்று மகன்கள், ஒருவர் இல்லை என்றாலும் இருவர் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்குப் போனபோது "மகன்கள் உள்ளனர்" என்று தள்ளினார்கள். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கியதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மகன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், இன்னொருவர் திருப்பூரில் வாடகை வீட்டில். கொடுக்க மனசிருந்தும் கையில் இல்லாதவர்கள். ஆனால் தாள் அதைக் கேட்கவில்லை, மகன் உண்டா இல்லையா என்றுதான் கேட்டது. ஆதாரில் வேறு வயது குறைவாகப் பதிவாகியிருந்தது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுவிடுவார்கள். அத்தைக்கு மூத்த மகன் பிறந்தபோது பன்னிரண்டு வயது என்று வந்தது கணக்கு!

முதியோர் தொகையை விட்டுவிட்டு ஆதரவற்ற விதவை என்ற வகையில் எழுதினேன். அதற்கு அறுபது வயது ஆக வேண்டியதில்லை. கூடவே மகன்களிடமிருந்து மாதம் எவ்வளவு வருகிறது, எந்த மாதம் வரவில்லை என்று அத்தை வாயால் சொன்னதை அப்படியே ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தோம். 2017-ல் வந்தது. முதல் மாதப் பணத்தில் அத்தை சங்கரா மீன் வாங்கி வந்தார். என்னைத்தான் சமைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வழக்கம்போல சட்டியை எடுக்கப் போனவரை உட்கார வைத்துத் தட்டில் இரண்டு துண்டு வைத்தேன். ஒன்றை எடுத்து என் தட்டில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார்.

வயதான பெண்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது அவர்கள் பிள்ளைகள் படித்தால், ஒரு விஷயம். வீட்டை மகன் பேருக்கோ மகள் பேருக்கோ எழுதும்போது "கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் அந்த ஒரு வரி இருந்தால் பின்னால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க வழியிருக்கிறது. பராமரிப்புத் தொகை கேட்பதற்கு வக்கீல் தேடி ஓட வேண்டாம், கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். எழுதும்போது கூச்சமாக இருக்கும், பெற்ற பிள்ளையிடம் பத்திரத்தில் நிபந்தனையா என்று தோன்றும். எழுதிக்கொண்டவர்களும் எழுதாதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். கூச்சப்பட்டு விட்டவர்கள்தான் அழுதார்கள்.

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு அறிக்கையைப் படித்துக் காட்டினாள். மத்திய அரசின் நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 2.20 பேர், பக்கத்துப் புதுச்சேரியில் 0.85. சத்துணவு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்த்து எடுத்த கணக்கு. நான் சந்தோஷப்பட்டேன். அந்த எண் பொய்யில்லை. என் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டார்கள், ரேஷன் அரிசியில் வளர்ந்தார்கள், மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வந்தது. ஆனால் "இதை யாரை அளந்து எடுத்தாங்க?" என்று கேட்டேன். "வீட்டைம்மா" என்றாள். வீட்டில் கேஸ் இருக்கிறதா, இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறதா, இருக்கிறது. சட்டி வழித்துச் சாப்பிட்டவள் யார் என்று அந்தக் கணக்கில் கேள்வியே இல்லை.

மகளிர் உரிமைத் தொகையிலும் இதே கதை. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வந்தது. நல்ல திட்டம், பெண் பேரில் நேராக வங்கிக்கு வருகிற பணம். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு பெண். மூன்று அடுப்புள்ள அட்டையில் இரண்டு அடுப்புக்கு அது எட்டாது. நூறு நாள் வேலையிலும் நூறு நாள் என்றது குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே வேலை அட்டையில் போனால் நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் வருவார், விருத்தாசலம் பக்கத்து ஊர். மனைவி இறந்து எட்டு வருடம். சமைக்கத் தெரியாது. மகன் வீட்டில் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு மருமகள் முகத்தைப் பார்த்து உட்கார முடியவில்லை என்று வடலூருக்குப் போய்விட்டார். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே சாப்பிட்டுக்கொண்டு, கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் ஏழையானால் இப்படி வெளியே கிளம்பிவிடுகிறார்கள், கண்ணில் படுகிறார்கள், யாராவது சோறு போடுகிறார்கள். பெண்கள் கிளம்புவதில்லை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பசித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பெரியவர் பெண்களைவிடத் தனியாள். மகளிர் குழு மாதிரி ஒன்று அவருக்கு இல்லை. எந்தத் தாள் எங்கே கொடுப்பது என்று சொல்லக்கூட ஆளில்லை. அவருக்கு முதியோர் தொகைக்கு எழுதினேன். முகவரிக்கு எந்த ஊரைப் போடுவது என்பதிலேயே நாலு மாதம் போயிற்று. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் ஆதார் முகவரி இருக்கும் ஊரிலேயே மனுவைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாக. குழுக்கடன் பெண் பேரில்தான் தருகிறார்கள், செலவாவது பெரும்பாலும் அவளுக்கு இல்லை. வாரக் கட்டுக்கு ஆள் வாசலில் நிற்கும்போது மட்டும் அவள் கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் இந்தக் கடன்களை வசூலிக்கத் தொந்தரவு செய்யக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைச் சொன்னாலே வசூலுக்கு வருகிறவர்கள் பலர் குரலைக் குறைத்துக்கொள்வார்கள். மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

சின்னப் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்களிடம் நான் விடாமல் கேட்பது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனாயா என்பது. கணவர் இறந்த, கைவிட்ட பெண்களின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வரை வழியிருக்கிறது, வருமான வரம்பு உண்டு. எனக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒன்று இருந்ததா என்றுகூடச் சொல்ல ஆளில்லை. அதற்கெல்லாம் முதலில் இறப்புச் சான்று வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் இறந்தால் அங்கேதான் பதிவு, சடலத்தோடு ஓடிவரும் அவசரத்தில் அதை விட்டுவிட்டு வருடம் தாண்டி அலைகிறவர்கள் நிறைய.

போன திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். திருப்பாதிரிப்புலியூர், 43 வயது, கல்யாணம் ஆகவில்லை. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் அப்பாவை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். அதனாலேயே கல்யாணம் நடக்கவில்லை. விதவை இல்லை, கைவிடப்பட்டவள் இல்லை. திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கான உதவித்தொகைக்கு 50 வயது ஆக வேண்டும். தையல் தெரியும், ஆனால் இலவசத் தையல் மெஷினுக்கு 40 வயதுக்குள் கேட்டிருக்க வேண்டும். "அப்ப நடுவுல பத்து வருஷம் நான் எங்கக்கா இருக்கறது?" என்றாள்.

முதலில் அப்பா பேரில் எழுதினேன். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு அரசுத் தலைமை மருத்துவமனை முகாமுக்கு அழைத்துப் போக வேண்டும், பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பராமரிப்புத் தொகை மாதம் 2,000. ஆட்டோவில் எப்படி உட்கார வைப்பது, எத்தனை போட்டோ வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "என் பேர்ல ஒண்ணும் எழுத முடியாதாக்கா?" என்றாள்.

"உரிமைத் தொகைக்குப் போட்டியா?"

"அது கல்யாணம் ஆனவங்களுக்குத்தானே?"

இல்லை என்றேன். கல்யாணமாகாமல் குடும்பத்தை நடத்தும் பெண்ணும் கேட்கலாம். அட்டையை வாங்கிப் பார்த்தேன். அப்பா, அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைகள், கடைசியில் இவள் பெயர். ஆயிரம் ரூபாய் அண்ணிக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் குடும்பம் நாலு வருடத்துக்கு முன்பே வேறு தெருவுக்குப் போய்விட்டது. அப்பாவும் இவளும் ஒரு அட்டையாகப் பிரிந்தால்தான் எதுவுமே நகரும். பெயர் நீக்கல், புது அட்டை, உரிமைத் தொகை என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தேன். அட்டையில் எந்தப் போன் நம்பர் என்று கேட்டேன். அண்ணனுடையது.

"கேட்டா சொல்வாராம்மா?"

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்க்க வருவாருக்கா. மீன் எடுத்து ஆக்கி வைக்கிறேன். சாப்பிட்டு முடிச்சதும் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தாள்களை மடக்காமல் கவருக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.